மேசைக் கணினியும் இரண்டாவது கடையும்



ஆண்டிறுதி விடுமுறை நெருங்கினால் பெற்றோர் பலர் ஆசிரியர்களிடம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "சார், புள்ளைக்கு ஒரு கம்ப்யூட்டர் வாங்கணும். கடையில ரெடியா பெட்டியில வச்சிருக்கிறதை வாங்குறதா, இல்ல சாமான் சாமானா வாங்கிக் கூட்டுறதா? எது நமக்கு லாபம்?"

இதற்கு ஒரே வரியில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் அந்தப் பதில் அடுத்த ஆண்டே செல்லாக்காசு ஆகிவிடும். விலை மாறும், பெயர் மாறும், மாடல் மாறும். இப்படி ஒரு கேள்வியைக் கேட்கும் வாய்ப்பு நமக்கு எப்படி வந்தது என்ற வரலாறுதான் மாறாதது. குளிர்பெட்டி வாங்கப் போகிறவர் மோட்டாரை ஒரு கடையிலும் கதவை வேறொரு கடையிலும் வாங்கலாமா என்று கேட்பதில்லை. தொலைக்காட்சி வாங்குகிறவரும் கேட்பதில்லை. மேசைக் கணினிக்கு மட்டும் ஏன் அப்படிக் கேட்கிறோம்?

தோட்டத்தில் வளர்ந்த பெரியவர்களுக்கு இதன் சாரத்தை நான் விளக்கத் தேவையில்லை. தோட்டத்தில் ஒரே ஒரு மளிகைக் கடை இருந்த காலத்தை அவர்கள் அறிவார்கள். 555 என்று அட்டையில் போட்ட சின்னப் புத்தகத்தில் கடன் எழுதி, சம்பள நாளில் கணக்குத் தீர்ப்பார்கள். அரிசிக்கு அவர் வைத்ததுதான் விலை, கொடுத்ததுதான் தரம். வெளியே கடைத்தெருவில் இன்னொருவர் கடை திறந்து, மோட்டார் சைக்கிளில் சாமான் கொண்டுவந்து கொடுக்கவும் தொடங்கிய பிறகுதான் முதல் கடையில் விலை இறங்கியது. அரிசியில் கல்லும் குறைந்தது. மேசைக் கணினியின் வரலாறும் இப்படி ஓர் இரண்டாவது கடை திறந்த வரலாறுதான்.

ஈயம் பற்றவைத்த காலம்

1975-க்கு முன்னால் தனி மனிதர் ஒருவர் கணினி வைத்திருப்பது, தனக்கென ஒரு ரயில் வண்டி வைத்திருப்பதைப் போன்றது. கணினிகள் முழு அறையை அடைத்துக்கொண்டு வங்கிகளிலும் அரசாங்க இலாகாக்களிலும் இருந்தன. பெரும்பாலும் அவற்றை விற்பதுகூட இல்லை; மாத வாடகைக்கு விட்டார்கள். பழுதானால் மூடியைக் கழற்றும் உரிமை கம்பெனி ஆளுக்கு மட்டுமே.

1975 ஜனவரியில் அமெரிக்காவில் வெளிவந்த 'பாப்புலர் எலக்ட்ரானிக்ஸ்' இதழின் அட்டையில் ஒரு பெட்டியின் படம் இருந்தது. பெயர் 'ஆல்டேர் 8800'. நியூ மெக்சிகோ மாநிலத்தின் அல்புகர்க்கி நகரில் எட் ராபர்ட்ஸ் என்பவர் நடத்திய 'மிட்ஸ்' என்ற சிறிய நிறுவனத்தின் பொருள் அது. கையடக்கக் கணக்குப் பொறி செய்து, போட்டியில் அடிபட்டு, கடனில் மூழ்கிக்கொண்டிருந்த நிறுவனம். கடைசி முயற்சியாக இதைச் செய்தார்கள். உதிரியாக வாங்கினால் 397 அமெரிக்க வெள்ளி. அவர்களே கூட்டிக் கொடுத்தால் அதற்குமேல் 100 வெள்ளிக்கும் கூடுதலாகக் கொடுக்க வேண்டும். நம் பெற்றோர் இன்று கேட்கிற கேள்வி, கணினி வீட்டுக்கு வந்த முதல் நாளிலேயே விலைப்பட்டியலில் இருந்தது என்பதைக் கவனியுங்கள்.

உதிரியாக வாங்கியவருக்குத் தபாலில் வந்தது என்ன? வெறும் பலகைகள், ஒரு கொத்துச் சில்லுகள், கம்பிகள், ஆணிகள், ஒரு குறிப்புப் புத்தகம். இன்று நாம் 'கூட்டுவது' என்று சொல்வது நாலைந்து பலகைகளைக் குழியில் செருகி ஆணி முடுக்குவது மட்டுமே. அன்று நூற்றுக்கணக்கான இடங்களில் சூட்டுக்கோலால் ஈயம் பற்றவைக்க வேண்டும். ஒரே ஒரு துளி ஈயம் பக்கத்துக் காலில் ஒட்டிவிட்டால் பெட்டி பேசாது. எல்லாம் சரியாக முடித்தாலும் அதற்கு விசைப்பலகை கிடையாது, திரையும் கிடையாது. முன்பக்கம் வரிசையாகச் சுவிட்சுகளும் சிவப்பு விளக்குகளும்தான். சுவிட்சை மேலும் கீழும் தட்டிக் கட்டளை கொடுக்க, விளக்கு எரிந்து பதில் சொல்லும். அதன் நினைவகம் 256 பைட். ஆங்கிலத்தில் எழுதினால் 256 எழுத்து. காய்ச்சல் என்று வகுப்பாசிரியருக்கு எழுதும் விடுப்புக் கடிதத்தைக்கூட அதற்குள் முழுதாக அடக்க முடியாது.

இருந்தும் சில நூறு பேர் கேட்டால் போதும் என்று இருந்த ராபர்ட்ஸுக்கு ஆயிரக்கணக்கில் பணம் வந்து குவிந்தது. பில் கேட்ஸ், பால் ஆலன் என்ற இரண்டு இளைஞர்கள் இந்தப் பெட்டிக்காக 'பேசிக்' மொழியை எழுதித்தான் தங்கள் தொழிலையே தொடங்கினார்கள். கலிபோர்னியாவின் மென்லோ பார்க் ஊரில் ஒரு வீட்டின் கார் கொட்டகையில், 1975 மார்ச் மாதம், வீட்டிலேயே கணினி கட்டுவோர் சங்கம் முதன்முதலாகக் கூடியது. (ராபர்ட்ஸ் பிற்பாடு கம்பெனியை விற்றுவிட்டு, மருத்துவம் படித்து, ஜார்ஜியா மாநிலத்தில் ஒரு சிற்றூரில் டாக்டராகிவிட்டார். நமக்கு வேண்டியது கணினிக் கதை என்றாலும், இப்படிப்பட்ட மனிதர்களைச் சொல்லாமல் போகவும் மனம் வரவில்லை.)

அந்தச் சங்கத்துக்குப் போய் வந்தவர்களில் ஸ்டீவ் வாஸ்னியாக் ஒருவர். அவர் வடிவமைத்த முதல் 'ஆப்பிள்' 1976-இல் 666 வெள்ளி 66 காசுக்கு விற்கப்பட்டது. அது ஒரு பலகை மட்டுமே. பெட்டி, மின்சாரப் பகுதி, விசைப்பலகை, திரை எல்லாம் வாங்குபவர் பாடு. அதைக் கடையில் வைத்து விற்க ஒப்புக்கொண்ட பால் டெரல் என்ற கடைக்காரர், "உதிரிச் சில்லுகளைக் கொண்டுவராதே, பலகையிலே பற்றவைத்துக் கொண்டுவா, 50 எடுத்துக்கொள்கிறேன்" என்ற கருத்தில் நிபந்தனை போட்டார். கடைக்காரருக்குத்தானே தெரியும், வருகிறவர்களில் எத்தனை பேருக்கு ஈயம் பற்றவைக்க வரும் என்று! அடுத்த ஆண்டே, 1977-இல், இரண்டாவது ஆப்பிள், கொமடோர் பெட், டாண்டி நிறுவனத்தின் டிஆர்எஸ்-80 ஆகிய மூன்றும் முழுப் பெட்டியாக வந்துவிட்டன. மின்சாரத்தில் செருகினால் போதும்.

கூட்டுவதற்கும் வாங்குவதற்கும் உள்ள வித்தியாசத்தை மிக நேர்மையாகக் காட்டியவர் இங்கிலாந்தின் கிளைவ் சிங்கிளேர் என்பேன். 1980-இல் அவர் விற்ற இசட்எக்ஸ்-80 உதிரியாக 79.95 பவுன், கூட்டியது 99.95 பவுன். அடுத்த ஆண்டு வந்த இசட்எக்ஸ்-81 உதிரியாக 49.95, கூட்டியது 69.95. இரண்டிலும் வித்தியாசம் சரியாக 20 பவுன். அதுதான் கூலி. உனக்குக் கைவேலை தெரிந்தால் அந்தக் கூலி உன் பையில். தெரியாமல் கைவைத்தால் முழுக் காசும் போச்சு.

ஆனால் இதுவரை சொன்னதில் இரண்டாவது கடை இல்லை. ஆப்பிளின் மூடியைத் திறந்து உள்ளே துணைப் பலகை செருக முடிந்தது உண்மை; ஆயினும் அடிப்படைப் பெட்டியை ஆப்பிளிடம்தான் வாங்க வேண்டும். உதிரியாக வாங்கினாலும் சிங்கிளேரின் பொருள் சிங்கிளேரிடம்தான். ஆல்டேரின் பலகை வரிசையை வேறு சிலர் பின்பற்றினார்கள் என்றாலும் அது பெரிய சந்தையாக நிலைக்கவில்லை. நிலைத்த கதை ஐபிஎம் நிறுவனத்தில் தொடங்குகிறது.

பெரிய முதலாளியின் அவசரம்

ஐபிஎம் அந்நாளில் கணினி உலகின் பெரிய முதலாளி. தன் பொருளின் ஆணியைக்கூடத் தானே செய்யும் பழக்கம் அதற்கு. சிறிய கணினிச் சந்தையில் ஆப்பிள் போன்ற சிறுவர்கள் ஓடிக்கொண்டிருக்க, தான் மட்டும் பின்தங்கிவிட்டதை உணர்ந்து, புளோரிடா மாநிலத்தின் போக்கா ராட்டன் நகரில் ஒரு சிறு குழுவை அமைத்தது. குழுவை நடத்தியவர் டான் எஸ்ட்ரிஜ். காலக்கெடு ஏறக்குறைய ஓராண்டு. தானே எல்லாம் செய்துகொண்டிருந்தால் ஓராண்டில் முடியுமா? ஆகவே வெளியில் கிடைத்ததை வாங்கிக் கூட்டினார்கள். மூளையாகிய செயலி இன்டெல் நிறுவனத்தின் 8088. இயக்க மென்பொருள் மைக்ரோசாப்டிடமிருந்து. 1981 ஆகஸ்ட் 12-ஆம் நாள் 'ஐபிஎம் பிசி' வெளியானது. மிகக் குறைந்த வகையின் விலை 1,565 வெள்ளி. அந்தக் காசுக்கு 16 கிலோபைட் நினைவகம் கிடைக்கும், திரை கிடைக்காது.

ஆக, உலகத்தின் மிகப் பெரிய கணினி நிறுவனமே நம்மைப் போலச் சாமான் சாமானாக வாங்கித்தான் இதைக் கூட்டியது. இதுதான் முதலாவது விஷயம்.

இரண்டாவது விஷயம்: ஐபிஎம் அந்தப் பெட்டிக்குள் ஐந்து குழிகளை வைத்து, யார் வேண்டுமானாலும் பலகை செய்து செருகலாம் என்று விட்டது. அதற்கு உதவியாக மின்சுற்றுப் படங்கள் அடங்கிய தொழில்நுட்பப் புத்தகத்தையும் அச்சிட்டு விற்றது.

மூன்றாவது விஷயம் சிறியதாகத் தோன்றும், ஆனால் இன்றுவரை நம் பையைத் தொடுகிறது. ஒரே நிறுவனத்தை நம்பிச் செயலி வாங்க ஐபிஎம் தயாராக இல்லை. "உன் தொழிற்சாலைக்கு ஏதாவது ஆனால் என் கதி என்ன? அதே சில்லை வேறொருவரும் செய்ய வேண்டும்" என்பது அதன் நிலை. இதனால் 1982-இல் இன்டெலுக்கும் ஏஎம்டி நிறுவனத்துக்கும் உடன்பாடு ஏற்பட்டு, இன்டெல் வடிவமைத்த சில்லை ஏஎம்டியும் செய்யலாயிற்று. பின்னால் இருவரும் பல ஆண்டு கோர்ட்டில் மோதிக்கொண்டு 1995-இல்தான் சமாதானம் ஆனார்கள். இன்று கடையில் "இன்டெலா, ஏஎம்டியா?" என்று கேட்கிறார்களே, அந்தக் கேள்வியின் வேர் இந்த ஒரு நிபந்தனையில் இருக்கிறது. தோட்டத்து முதலாளிக்கும் இரண்டாவது கடை வேண்டியிருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்!

எல்லாவற்றையும் திறந்துவிட்ட ஐபிஎம் ஒன்றை மட்டும் கையில் வைத்துக்கொண்டது. பெட்டியைப் போட்டவுடன் முதலில் விழித்து, விசைப்பலகை எங்கே, திரை எங்கே, டிஸ்க் எங்கே என்று பார்த்து எழுப்பிவிடும் சிறிய மென்பொருள் அது. 'பயாஸ்' என்பார்கள். அதன் முழு வரிகளையும் ஐபிஎம் புத்தகத்திலேயே அச்சிட்டிருந்தது. ஆனால் பதிப்புரிமை ஐபிஎம்முடையது. பார்க்கலாம், படிக்கலாம், எடுத்து எழுதினால் வழக்கு.

பார்க்காமல் சமைத்த குழம்பு

1982 பிப்ரவரியில் ஹூஸ்டன் நகரில் ராட் கேனியன், ஜிம் ஹாரிஸ், பில் மர்ட்டோ என்ற மூவர் வேலையை விட்டு வந்து 'கொம்பேக்' நிறுவனத்தைத் தொடங்கினார்கள். அவர்களுடைய முதல் கணினியின் படத்தை ஒரு பலகாரக் கடையில், தட்டுக்கு அடியில் விரிக்கும் காகிதத்தில் வரைந்ததாகச் சொல்வார்கள். எண்ணம் இதுதான்: ஐபிஎம்முக்காக எழுதிய எல்லா மென்பொருளும் ஓட வேண்டும், ஐபிஎம்மின் பலகைகள் எல்லாம் பொருந்த வேண்டும், ஆனால் அது ஐபிஎம்மாக இருக்கக் கூடாது.

பயாஸ் என்ற பூட்டை அவர்கள் திறந்த விதம் படிக்கப் படிக்கச் சுவையானது. ஒரு வீட்டு மீன் குழம்பு ஊரெல்லாம் பேர் வாங்கியிருக்கிறது, அதன் செய்முறைத் தாள் அந்த வீட்டுக்குச் சொந்தம் என்று வைத்துக்கொள்வோம். முதலில் ஒருவர் அந்தத் தாளைப் படித்து, குழம்பைச் சுவைத்து, "புளிப்பு இவ்வளவு, காரம் இவ்வளவு, நிறம் இப்படி, இத்தனை நேரம் கெடாமல் இருக்க வேண்டும்" என்று விளைவை மட்டும் எழுதித் தருகிறார். எப்படிச் சமைப்பது என்று ஒரு சொல்லும் எழுதக் கூடாது. அடுத்த அறையில் இருக்கும் சமையல்காரரோ அந்தச் செய்முறைத் தாளை வாழ்நாளில் கண்ணால் பார்த்ததில்லை. எழுதித் தந்த விளைவு வரும்வரை தன் சொந்த வழியில் சமைத்துப் பார்க்கிறார். குழம்பு அதே ருசி. ஆனால் திருட்டு இல்லை. கொம்பேக் நிறுவனத்தார் இப்படித்தான் ஆட்களை இரண்டாகப் பிரித்து, ஏறக்குறைய 10 லட்சம் வெள்ளி செலவு செய்து, தங்களுடைய பயாஸை எழுதி முடித்தார்கள்.

1982 நவம்பரில் அறிவித்த அவர்களுடைய கணினியைத் தூக்கிச் செல்லலாம் என்றார்கள். 12 கிலோவுக்கு மேல்! நம் வீட்டுக்கு வாங்கும் 10 கிலோ அரிசிப் பையைவிடக் கனம். ஆனாலும் 1983-இல் மட்டும் 11 கோடி வெள்ளிக்கு மேல் விற்றது. கொம்பேக்குக்குச் சில மாதம் முன்பே 'கொலம்பியா டேட்டா புராடக்ட்ஸ்' என்ற நிறுவனமும் இதே மாதிரிக் கணினி வெளியிட்டது. ஆனால் கதவை உலகுக்கே திறந்துவிட்டது 1984-இல் 'பீனிக்ஸ்' நிறுவனம். அதுவும் இதே முறையில் ஒரு பயாஸை எழுதி, தான் கணினி செய்யாமல், கேட்டவர்களுக்கெல்லாம் உரிமம் விற்றது. இனித் தைவானில் ஒரு சிறு பட்டறைக்காரரும் ஐபிஎம்முக்கு ஈடான தாய்ப்பலகை செய்யலாம். நம் கடைகளில் 'மதர்போர்டு' என்று கேட்டு வாங்குகிறோமே, அது தனிச் சரக்காகக் கடைக்கு வந்தது இப்படித்தான். ஆல்டேரை எல்லாரும் புகழ்கிறார்கள். என்னைக் கேட்டால், நம் போன்ற குடும்பங்களுக்கு உதவியது ஆல்டேரைவிடக் கொம்பேக்கும் பீனிக்ஸும்தான்.

ஐபிஎம் பிறகு விழித்துக்கொண்டு கதவை மூடப் பார்த்தது. 1987-இல் 'பிஎஸ்/2' என்ற புது வரிசையில் குழியின் அமைப்பையே மாற்றி, அதைப் பயன்படுத்துவோர் பணம் கட்ட வேண்டும் என்றது. 1988-இல் கொம்பேக் உட்பட ஒன்பது நிறுவனங்கள் சேர்ந்து பழைய பலகையும் பொருந்தும்படி வேறொரு அமைப்பை அறிவித்தன. சந்தை ஐபிஎம் பின்னால் போகவில்லை.

பினாங்கில் கோத்த தங்கக் கம்பி

இத்தனையும் அமெரிக்கக் கதை என்று ஒதுக்கிவிடாதீர்கள். 1969-இல் பினாங்கு முதலமைச்சராக வந்த டாக்டர் லிம் சோங் இயூ காலத்தில், மாநிலத்தில் வேலையில்லாத் திண்டாட்டம் கடுமையாக இருந்தது. நெல்வயலாக இருந்த பாயான் லெப்பாஸ் பகுதியில் 1972-இல் சுதந்திர வாணிப வட்டாரம் திறக்கப்பட்டது. முதலில் வந்த எட்டு வெளிநாட்டு நிறுவனங்களில் இன்டெலும் ஏஎம்டியும் உண்டு. அமெரிக்காவுக்கு வெளியே இன்டெல் அமைத்த முதல் தொழிற்சாலை அதுதான். 1975 மே மாதம் அது தீயில் எரிந்து, மறுபடி கட்டப்பட்டது.

அங்கே என்ன வேலை? அமெரிக்காவில் செய்த சிலிக்கான் துண்டு நகத்தைவிடச் சிறியதாக வந்து இறங்கும். அதைச் சட்டத்தில் ஒட்டி, தலைமயிரைவிட மெல்லிய தங்கக் கம்பியால் அதன் ஓரங்களை வெளிக் கால்களோடு இணைத்து, மூடி, சோதித்து அனுப்ப வேண்டும். தொடக்க ஆண்டுகளில் இதெல்லாம் நுண்ணோக்கியில் கண்ணை வைத்துக் கையால் செய்த வேலை. செய்தவர்களில் மிகப் பெரும்பாலோர் இளம் பெண்கள். கம்பங்களிலிருந்தும், புதுக்கிராமங்களிலிருந்தும், தோட்டங்களிலிருந்தும் பஸ் ஏறி வந்தவர்கள். பகல் சிப்டு, ராச் சிப்டு. இத்தனை துண்டு முடித்தாக வேண்டும் என்று கணக்கு உண்டு. கண் எரியும். லயத்து வீட்டுக்கு அவர்கள் அனுப்பிய பணத்தில் தம்பி தங்கைகள் படித்தார்கள். பழைய இன்டெல் சில்லுகளின் முதுகைப் பார்த்தால் 'மலே' என்று ஆங்கிலத்தில் அச்சிட்டிருக்கும். மலேசியாவில் பொதிந்தது என்று பொருள். ஐபிஎம் பெட்டியின் விலையோ அதைக் கோத்தவர்களின் பல மாதச் சம்பளம்.

தீவுக்கு அப்பால் சிங்கப்பூரிலும் ஒரு கதை நடந்தது. 1981-இல் சிம் வோங் ஹூ என்பவர் பேர்ல்ஸ் சென்டர் கட்டடத்தில் ஒரு சிறு கணினிக் கடையைத் திறந்தார். 'கிரியேட்டிவ்' என்று பெயர். அவர் 1986-இல் 'கியூபிக் சிடி' என்று முழுக் கணினி ஒன்றையே செய்தார். பேசும், பாடும், வண்ணப் படம் காட்டும். ஆனால் விற்கவில்லை. பிறகு அந்தப் பாடும் திறமையை மட்டும் பிரித்தெடுத்து, ஐபிஎம் வகைக் கணினியின் குழியில் செருகும் பலகையாகச் செய்தார். 1989-இல் வந்த 'சவுண்ட் பிளாஸ்டர்' உலகமெங்கும் விற்றது; 1992-இல் கிரியேட்டிவ் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தையில் இடம்பெற்றது. சொந்தப் பெட்டியில் தோற்றவர் பிறர் பெட்டியின் காலிக் குழியில் ஜெயித்தார். 2023-இல் அவர் மறைந்தபோது, அந்தப் பலகையில் முதன்முதல் பாட்டுக் கேட்டவர்கள் பல நாடுகளில் நினைவுகூர்ந்தார்கள்.

தமிழுக்கும் இதில் பங்குண்டு. மலேசியாவின் முத்து நெடுமாறன் 1985-இல் 'முரசு' மென்பொருளை உருவாக்கினார். சிங்கப்பூரின் நா. கோவிந்தசாமி 'கணியன்' மூலம் இணையத்தில் தமிழைக் கொண்டுவந்தார். ஒரு பெரிய கம்பெனி மனம் வைத்துத் தமிழ் போட்டுக் கொடுக்கும் என்று இவர்கள் காத்திருக்கவில்லை.

கடைவீதியில் மூன்றாவது வழி

ரெடிமேட் சட்டைக்கும் வீட்டில் தைப்பதற்கும் நடுவே தையற்கடை இருக்கிறதல்லவா? அதுபோல ஒரு வழியை 1984-இல் டெக்சஸ் பல்கலைக்கழக மாணவர் மைக்கேல் டெல், தன் விடுதி அறையிலிருந்து தொடங்கினார். வாடிக்கையாளர் தொலைபேசியில் நினைவகம் இவ்வளவு, டிஸ்க் இவ்வளவு என்று சொல்ல, அதற்கேற்பக் கூட்டி அனுப்புவது. அந்த டெல் நிறுவனம் 1995-இல் பினாங்கிலேயே தொழிற்சாலை திறந்தது. சில்லுக்குக் கம்பி கோத்த மாநிலம், பத்திருபது ஆண்டில் முழுக் கணினியையும் கூட்டி அனுப்பலாயிற்று.

அதே 1995-இல் இன்டெல் 'ஏடிஎக்ஸ்' என்ற அளவு முறையை வெளியிட்டது. தாய்ப்பலகையின் நீள அகலம், ஆணித் துளைகளின் இடம், மின்சாரச் செருகியின் வடிவம் எல்லாம் ஒரே மாதிரி. எந்தக் கம்பெனிப் பலகையும் எந்தக் கேசிங்கிலும் உட்காரும். அதனால் பிள்ளைகள் ஒரு திருப்புளியோடு ஒரு மணி நேரத்தில் கணினி கட்ட முடிகிறது.

சரக்கு இப்படிப் பொதுவாகிவிட்டால் கடைவீதி தானே முளைக்கும். சிங்கப்பூரில் 1987-இல் திறந்த சிம் லிம் ஸ்குவேர், கோலாலம்பூரில் முதலில் இம்பி பிளாசா, பிறகு 1999-இல் திறந்த லோ யாட் பிளாசா. இருபக்கமும் பொடி எழுத்தில் அச்சிட்ட விலைத்தாளைக் கையில் திணிப்பார்கள். அதை எடுத்துக்கொண்டு பக்கத்துக் கடைக்குப் போனால் அவர் ஐந்து வெள்ளி குறைப்பார். செயலி ஒரு கடையில், டிஸ்க் இன்னொரு கடையில். இந்த மாதம் கேசிங்கும் பலகையும், போனஸ் வந்ததும் நினைவகம் என்று தவணை முறையில் சேர்த்துக் கட்டியவர்கள் நம்மிடையே உண்டு. 555 புத்தகத்துக்குப் பழகிய கைகள் பேரம் பேசக் கற்றுக்கொண்ட இடம் அது.

அந்நாளில் கட்டியவர்களுக்கு ஓர் அனுபவம் நினைவிருக்கும். மின்சாரப் பகுதியின் பின்பக்கம் சிவப்பாக ஒரு சிறு சுவிட்சு, 115 என்றும் 230 என்றும். அமெரிக்கக் கணக்கில் 115-இல் நின்றிருந்து, பார்க்காமல் நம் நாட்டுச் சுவரில் செருகினால், "டப்"பென்று ஒரு சத்தம், ஒரு கருகல் வாடை. அவ்வளவுதான், புதுசு வாங்க வேண்டியதுதான். இன்றைய மின்சாரப் பகுதிகள் பெரும்பாலும் தாமே பார்த்துக்கொள்கின்றன.

இப்போது பெற்றோர் கேள்விக்கு வருவோம். தானே கூட்டினால் எப்போதும் மலிவு என்று ஒருவர் சொன்னால் நம்பாதீர்கள். ஆயிரக்கணக்கில் சில்லு வாங்கும் நிறுவனத்துக்குக் கிடைக்கும் விலை நமக்குக் கிடைக்காது. பெருந்தொற்றுக் காலமான 2020-இலும் 2021-இலும் வரைகலைப் பலகையின் விலை கண்டபடி ஏறியது. 2025 இறுதியில் நினைவகச் சில்லுகளின் விலை எகிறியது. அம்மாதிரி நேரங்களில் பெட்டியில் கட்டி வைத்ததே மலிவாகக் கிடைத்ததும் உண்டு. பாடம் படிக்க, கணக்குப் போட, தமிழில் தட்டச்சு செய்ய என்றால், அலுவலகங்கள் கழித்துவிட்ட பழைய மேசைக் கணினியைச் சுத்தம் செய்து விற்கிறார்களே, அதுவே தாராளம். விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாப்ட் வழக்கமான ஆதரவை 2025 அக்டோபர் 14-இல் நிறுத்திவிட்டதால் இப்படிப்பட்ட பெட்டிகள் மலிந்திருக்கின்றன. அவற்றில் இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் போட்டு ஓட்டலாம்.

உதிரியாகக் கூட்டுவதன் லாபம் வாங்கும் நாளில் இல்லை, நாலு வருஷம் கழித்துத் தெரியும். மின்சாரப் பகுதி போனால் அதை மட்டும் மாற்றலாம். நினைவகம் போதவில்லையா, ஒரு பலகை கூடச் செருகலாம். மீதி எல்லாம் அப்படியே இருக்கும். உதிரிக்கு ஒவ்வொன்றுக்கும் தனித்தனி உத்தரவாதம். ரசீதுகளைத் தொலைத்தால் அதுவும் இல்லை. பெட்டியாக வாங்கினால் உத்தரவாதம் ஒரே இடத்தில், ஒரே தாளில். மின்னல் அடிக்கும் நம் ஊரில் இதுவும் சின்ன விஷயமல்ல.

ஆனால் இரண்டாவது கடை மெல்லச் சாத்தப்பட்டு வருவதையும் சொல்லியாக வேண்டும். மெல்லிய மடிக்கணினிகளிலும், புத்தகம் அளவே உள்ள சில குட்டி மேசைக் கணினிகளிலும், நினைவகத்தைத் தாய்ப்பலகையிலேயே ஈயத்தால் பற்றவைத்து விடுகிறார்கள். 1975-இல் வாங்குபவர் கையில் இருந்த சூட்டுக்கோல் இப்போது தொழிற்சாலையின் கையில். வேகம், மெலிவு, மின்சாரச் சிக்கனம் என்று அவர்கள் சொல்லும் காரணங்களில் உண்மையும் இருக்கிறது. இருந்தாலும் ஒரு சில்லு கெட்டால் முழுப் பலகையும் மாற்ற வேண்டும். அந்தப் பலகை அவர்களிடம் மட்டுமே கிடைக்கும். பேர் பெற்ற நிறுவனங்களின் மேசைப் பெட்டிகள் சிலவற்றில் மின்சாரச் செருகிகூடப் பொது அளவில் இல்லாமல் தனி வடிவில் இருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் சாதாரணப் பெட்டிதான். மூடியைக் கழற்றினால்தான் தெரியும்.

ஆகவே கடைக்குப் போகும்போது பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போங்கள். பக்கத்து மூடியைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். மேசைக் கணினி விற்கும் நல்ல கடைக்காரர் இதற்கு முகம் சுளிக்க மாட்டார். நினைவகம் செருகும் குழிகள் எத்தனை, அதில் எத்தனை காலி, மின்சாரப் பகுதி கடைவீதியில் தனியாகக் கிடைக்கும் பொது அளவா என்று கேளுங்கள். இவற்றைக் கேட்டுவிட்டு, பெட்டியாக வாங்கினாலும் சரி, உதிரியாகக் கூட்டினாலும் சரி, ரசீதை மட்டும் மறக்காமல் வாங்கி வையுங்கள்.